தகரத்தில் எழுதின நம்பர்

என் பெண்டாட்டி நேசபாய்க்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து மூணு வருசம் ஆகிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் போய்விட்டது. இப்போது அவள் பேசினால் காய்ந்த ஓலையைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்கும். முன்னே எங்கள் சபையில் பாட்டுப் போட்டி என்றால் முதல் வரி எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

போன மாசம் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"எனக்க சத்தம் எப்பிடி இருந்துன்னு எனக்கே மறந்துபோச்சு, கேட்டியளா."

அது மனசில் கிடந்து குத்தியது. ஒரு வருசம் மார்த்தாண்டத்து ஸ்டுடியோக்காரர் ஜஸ்டஸ் வந்து அந்தப் போட்டியைப் பதிவு செய்தார். அவள் பாட்டு வேறு எங்கும் கிடையாது. பாட்டைப் பிடித்து வைக்கிற போன் அப்போது எங்களுக்கு ஏது?

ஜஸ்டஸ் இறந்துவிட்டார். ஸ்டுடியோவை இப்போது மகள் ஜெப்சி பார்க்கிறாள். நான் அதே தெருவில் சுமை தூக்குகிறவன். வேலைக்கு நடுவே போய் விசயத்தைச் சொன்னேன். அவள் தேடி ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். அப்பா தம் பழைய வேலையெல்லாம் ஒரு பேக்கப் புரோகிராமில் போட்டு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறாராம். அதே புரோகிராம்தான் அவளிடமும் இருக்கிறது, ஆனால் புதுசு. அவ்வளவு பழைய மூட்டையை நான் அவிழ்க்கமாட்டேன் என்று அது சொல்லிவிட்டது.

ஜெப்சி கம்பெனிக்குப் போன் போட்டு எனக்கும் கேட்கும்படி வைத்தாள். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். அந்தப் பதிப்புக்கு சப்போர்ட் நிறுத்திப் பல வருசம் ஆகிறது, தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றான். நான் சும்மாட்டுத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக் கிளம்பப் பார்த்தேன். ஜெப்சி விடவில்லை. அப்படியானால் அப்பா வாங்கின லைசென்சும் தீர்ந்துபோச்சா என்று கேட்டாள்.

"இல்லை மேடம், லைசென்ஸ் எப்பவும் உங்களுடையதுதான். நாங்க உதவி செய்யறதுதான் நின்னுபோச்சு. சிடியும் லைசென்ஸ் நம்பரும் இருந்தா நீங்களே போட்டுக்கலாம்."

சிடி மேசை இழுப்பறையில் கிடைத்தது. நம்பரைக் காணோம். காகிதத்தைக் கரையான் தின்றுவிடும் என்று ஜஸ்டஸ் அதைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்திலேயே மார்க்கரால் எழுதி வைப்பாராம். இதைச் சொல்லிவிட்டு ஜெப்சி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் எந்தக் கடைக்காரரும் சுமையைத் தாமே எடுக்கமாட்டார், எங்கள் சுமைதூக்கும் சங்கத்து ஆள்தான் எடுக்க வேண்டும். ஜஸ்டஸ் போன பிறகு ஸ்டுடியோவை ஒதுக்கியபோது அந்தப் பெட்டியைப் பழைய சாமான் வாங்கும் ஷைஜுவின் ஆக்கர் கடைக்குத் தோளில் சுமந்து கொண்டுபோனது நான்தான். அந்த நம்பர் என் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

ஷைஜு பழைய இரும்பை எடை போட்டுக்கொண்டு இருந்தான். உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ கழற்றிப் போயாச்சு, வெறும் தகரம்தான் கிடக்கும் என்றான். பாட்டு விசயத்தைச் சொல்லி, எனக்குத் தகரம்தான் வேண்டும் என்றேன்.

"மாமிக்க பாட்டு தகரத்திலயா இருக்கு? அப்பம் தட்டிப் பாரும், கேக்கும்" என்று சிரித்தான்.

சிரித்தாலும் கூடவே குனிந்து தேடினான். ஃபிரிட்ஜ் கதவு, சைக்கிள் மட்கார்டு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அடியில் இருந்து எடுத்தோம். பாதி துரு. எழுத்து அழிந்துவிடுமோ என்று பயந்து துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். எல்லாம் பெரிய எழுத்து. மூட்டையில் அடிக்கிற அடையாளத்தை வாசித்து வாசித்து எனக்கு இங்கிலீஷில் அது மட்டும் தெரியும். ஜெப்சியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். போனிலேயே வாசித்தால் போதும் மாமா என்றாள். ஒன்று தப்பினால் எல்லாம் போச்சே. தகரத்தைத் தலையில் வைத்து ஸ்டுடியோ மாடிக்கே கொண்டுபோனேன்.

சிடியில் இருந்த பழைய புரோகிராமைப் போட்டு நம்பரை அடித்ததும் மூட்டை அவிழ்ந்தது. ஜெப்சி பாட்டைப் போடப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வேண்டாம் மக்களே. முதல்ல அவ கேக்கட்டு."

மறுநாள் நேசபாயிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸில் கூட்டிவந்தேன். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க என்று நினைத்து நல்ல சேலை கட்டியிருந்தாள். ஜெப்சி ஹெட்போனை அவள் காதில் வைத்தாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். முதலில் யாருடைய பாட்டோ என்பது போல இருந்தாள். பிறகு மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுளித்தாள்.

"மூணாவது சரணத்தில சுருதி விட்டுட்டேன்" என்றாள். "அன்னைக்கு நான் நல்லாப் பாடினேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தியளே."

"நல்லாத்தானே இருந்து."

"ஒமக்கு என்ன தெரியும்? இஞ்ச வாரும்."

என்னைப் பக்கத்தில் இழுத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் அழுத்தினாள். எங்கள் தலை இரண்டும் முட்டிக்கொண்டு இருந்தன. ஒரு காதில் அவள் அன்றைக்குப் பாடினாள். மறு காதில் அந்த ஓலைச் சத்தத்தில் மெதுவாகக் கூடவே பாடினாள். மூணாவது சரணம் வந்ததும் என் கையைக் கிள்ளினாள்.

"இதா, இஞ்சதான். கேட்டியளா?"

எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.