தெருவைச் சுற்றிய குல்லா

"ஒரேயடியா முடிச்சுட்டு வந்துர்றேன் ரூமானா. பெருநாளைக்கு முன்னாடி வீட்டுல இருப்பேன்" என்று ஜெகபர் சாதிக் போனில் சொன்னபோது, ரூமானாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பீரோவின் இடது பக்கம்தான். கணவர் முகம் அதற்கப்புறம்தான் வந்தது.

இடது பக்கம் அவருடையது. கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வரும்போது நாலைந்து சட்டை, இரண்டு கைலி, ஒரு செண்டு பாட்டில் அங்கே இருக்கும். போகும்போது அதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும், தட்டுகள் காலியாகிவிடும். அந்தக் காலியில்தான் ரூமானா முதன்முதலாக ஒரு உல்லன் நூல் பந்தை வைத்தாள், சும்மா ஒரு ஓரமாக. இப்போது அந்தக் கதவைத் திறந்தால் காலில் ஏதாவது வந்து விழாமல் இருப்பதில்லை.

பின்னல் அவளுக்கு யூடியூப் வழியாகத் தொற்றிய பழக்கம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பேசாமல் பின்னிக்கொண்டே இருந்தாள். கோட்டைப்பட்டினத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு ரூமானா அதைப் பார்த்தாள். அந்தப் பெண்மணியை யாரும் கூப்பிடவில்லை. உப்பு எங்கே என்று கேட்கவில்லை. ரூமானாவுக்குப் பிடித்துப்போனது நூலா அந்த அமைதியா என்று அவளே நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அமைதி கடையில் கிடைக்காது, நூல் கிடைக்கும்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு பேன்சி ஸ்டோரில் அவளைக் கண்டாலே கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போடுவார். "அக்கா, இந்தக் கலர் திரும்ப வராதுக்கா" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கலரைக் காட்டித்தான் சொல்வார். திரும்பி வரும் பஸ் ஆவுடையார்கோவில் தாண்டும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நூலில் பின்னப்போகும் சட்டையை மனதுக்குள் பின்னி முடித்து, ஆள் யாருக்காவது போட்டும் பார்த்துவிடுவாள். வீடு வந்து சேரும்போது வேலையே முடிந்துவிட்ட நிறைவு இருக்கும். அதனால் நூலைப் பீரோவுக்குள் வைத்துவிடுவாள்.

நிஜமாகவே பின்னியவற்றின் கதை வேறு. நாத்தனார் ஹம்னாவின் பிள்ளைக்காக ஆரம்பித்த குல்லா முடிந்தபோது அவன் எல்கேஜி போய்க்கொண்டிருந்தான். அப்படியும் அது அவனுக்குத் தோள்வரை இறங்கியது. "இது புள்ளைக்கா, கொடத்துக்கா?" என்று மாமியார் ஹவ்வா உம்மாள் கேட்டாள். அடுத்து ஒரு மப்ளர். நாலு விரல் அகலத்தில் தொடங்கியது, போகப் போக எங்கிருந்தோ பின்னல் கண்ணிகள் வந்து சேர்ந்து, கடலில் கலக்கும் ஆறு மாதிரி அகன்றுகொண்டே போய் ஒரு முழத்தில் நின்றது. பச்சை ஸ்வெட்டருக்கு முன்பக்கம் ஒரு பச்சை, பின்பக்கம் வேறொரு பச்சை. "கழுவுனா சேந்துரும்க்கா" என்றார் கடைக்காரர். கழுவினாள். இரண்டு பச்சையும் இன்னும் விலகிப்போயின. கைகள் இல்லாத அந்த ஸ்வெட்டர் இன்றுவரை ஊசியிலேயே கிடக்கிறது.

பின்னாத நூலில் கண்ணி விட்டுப்போகாது. அவள் நூல் வாங்கிக்கொண்டே இருந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்றை அவள் யோசித்ததில்லை. கத்தாரிலிருந்து போன் வந்த மறுநாள்தான் அவளுக்குப் புதுக்கோட்டையில் ஏதாவது வேலை இருக்கும். சாப்பிட்டியா, உம்மா மாத்திரை போடுதா, ஊர்ல வெயில் எப்படி என்று அவர் கேட்பார். "அங்க வெயிலு?" என்று இவள் கேட்பாள். "எனக்கென்ன, உள்ளதான வேலை" என்பார். அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டில் ஏசிக்கு நடுவே, பளபளக்கும் ஜூஸ் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு அவர் நிற்பதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒரு விடுமுறையில் அவர் நூல் பை ஒன்றைப் பார்த்துவிட்டார். "இந்த ஊருக்கு உல்லனா?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் ரூமானா, "அது ஹம்னாவோடது" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு அப்போது திரும்பிப்போக டிக்கெட் இருந்தது. இந்தத் தடவை வருகிறவர் போகப்போவதில்லை. தினமும் காலையில் பீரோவைத் திறக்கிற ஆள் முன்னால், தினமும் சிரிப்பை வாங்கிக்கொண்டு ஒரு பொழுதுபோக்கை வைத்திருக்க முடியுமா? அவர் வருவதற்குள் இடது பக்கம் காலியாகவேண்டும்.

நூலைத் தூக்கிப்போடக் கை வரவில்லை. பெரிய பந்துகளைச் பரண் சிலாப் மேலிருந்த பெரிய பிரியாணி தேக்சாவுக்குள் போட்டு, அந்தப் பச்சை ஸ்வெட்டரையும் ஊசியோடு மேலே வைத்து மூடினாள். அப்படியும் மிச்சம் இருந்தது. நோன்பு மாதம் பிறந்ததும் வழி கிடைத்தது.

நோன்பு மாதத்தில் சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் தெருவில் பாத்திரங்கள் நடமாடத் தொடங்கும். ஒரு வீட்டிலிருந்து வடை, இன்னொரு வீட்டிலிருந்து கடல்பாசி, சமோசா. எதிர்வீட்டுச் செவந்தி நோன்பு வைக்காவிட்டாலும் சுண்டல் அனுப்புவாள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது. பதிலுக்குப் பலகாரம் இல்லையென்றால் ரெண்டு பேரீச்சம்பழம், அதுவும் இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். அங்கே மானம் என்பது பாத்திரத்தின் அடியில் இருக்கும் பொருள்.

அதே தெருவிலிருந்த ஹம்னாவின் கிண்ணத்தில் ரூமானா முதலில் போட்டது ஒரு செல்போன் உறை.

"அல்லாவே, நல்லாருக்கே மதினி!" என்றாள் ஹம்னா.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அடுத்த நாள் ரிமோட்டுக்கு உறை போனது. பின்னாலேயே மிக்சிக்கு முக்காடு, தண்ணீர் ஜாடிக்குச் சட்டை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை எல்லாம் போயின. ஹம்னாவுக்கே இரண்டாம் முறை ஒரு குல்லா போனது. கனத்த நீல நூலில், காதை மூடும் இரண்டு மடல்களோடு, ரூமானா பின்னியதிலேயே ஒழுங்காக வந்தது அதுதான். இடது காதுக்கு மேலே மட்டும் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. நீலம் தீர்ந்துவிட்டதால் அங்கே சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டிருந்தாள். மாசி வெயிலில் அந்தக் குல்லாவைக் கையில் பிடித்தாலே உள்ளங்கை வேர்த்தது.

தெரு மரியாதை தெரிந்த தெரு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வடை பாத்திரத்தில் வருவது நின்று வாழையிலையில் கட்டி வந்தது. கஞ்சி பிளாஸ்டிக் கவரில் வந்தது. திருப்பிக் கொடுக்கப் பாத்திரமே இல்லாதபடி, வீடு வீடாகப் பேசிவைத்த மாதிரி செய்தார்கள். நோன்பு பாதி கடக்கும்போது இலையும் கவரும்கூட நின்றுபோயின.

ஹவ்வா உம்மாளுக்கு இது பொறுக்கவில்லை. "எந்த வருசமும் இப்புடி இருந்ததில்லடி. ஒரு சட்டி வரல, ஒரு தட்டு வரல. எம்புள்ள சம்பாத்தியம் நின்னுபோச்சுன்னு தெருவே நம்மள ஒதுக்குதா?"

"அதெல்லாம் இல்ல மாமி. வெயிலு. யாரு அடுப்புல நிக்கிறது?"

"வெயிலு கண்டவதான் நீயி! சிலிண்டருக்குப் பாவாடை கட்டிவிட்டவ!"

ரூமானா உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். இடது பக்கம் ஒரு பந்துகூட இல்லாமல் காலியாக இருந்தது. நினைத்தது நடந்துவிட்டது. அவள் எதிர்பார்த்த நிம்மதி மட்டும் அங்கே இல்லை. தெருவே ஒன்றுகூடி அவளிடம் எதையோ சொல்லாமல் சொல்லியிருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அதையே ஜெகபர் ஒரு சிரிப்பில் சொல்லியிருந்தார்.

பெருநாளுக்கு முதல் நாள் நோன்பு திறந்த பிறகு ஜெகபர் வந்தார். முடி முழுக்கப் போயிருந்தது. அட்டைப்பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து, கயிற்றை அவிழ்க்காமல், முதலில் தண்ணீர் கேட்டார். பெட்டி பிரிக்கும் நேரத்துக்குச் சொந்தங்கள் தாமாகவே வந்துசேரும். ஹம்னா வந்து பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். செவந்தி வாசலிலேயே நின்று, "வாங்கண்ணே, நல்லாருக்கீங்களா?" என்றாள். நோன்பு தொடக்கத்தில் ரூமானா கடல்பாசி அனுப்பிய எவர்சில்வர் கிண்ணம் அவள் கையில் இருந்தது, தட்டு போட்டு மூடி.

"உள்ள வா புள்ள. என்னத்துக்கு இப்ப இதெல்லாம்" என்று ஹவ்வா உம்மாள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். இத்தனை நாளுக்கப்புறம் வீட்டுக்கு வந்த ஒரே பாத்திரம். வாங்கிய வேகத்தில் மகனிடமே நீட்டினாள். "பிரிச்சுப் பாரு. நம்ம தெரு மறக்கல."

ஜெகபர் தட்டை எடுத்தார். கிண்ணத்துக்குள் நீலக் குல்லா சுருண்டு கிடந்தது.

செவந்தியின் முகம் சுண்டிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்கக்கா. வீட்டுல சீனி தீந்துபோச்சு. சும்மா குடுக்கக்கூடாதேன்னு..."

"ஏ செவந்தி, இது ஒன்ட்ட எப்புடி வந்துச்சு?" என்றாள் ஹம்னா. "நா இத பள்ளிவாசல் மோதினார் வீட்டுக்குல்ல குடுத்தேன்?"

"அவுக ராக்காயி வீட்டுக்குக் குடுத்தாக. சுண்டல் வாங்குன சட்டில எனக்கு வந்துச்சு. நா அங்கிட்டு டீக்கடைக்காரக வீட்டுக்குக் குடுத்தேன். அவுக திரும்ப எனக்கே குடுத்துட்டாக."

ஹம்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். செவந்தி நிலைப்படியைப் பார்த்தாள். ரூமானாவுக்குக் காது மடல் சுட்டது. தன் குல்லா தெருவில் எந்தத் தலையிலும் ஏறவில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரு கை சீனியாக மட்டும் போய்வந்திருக்கிறது என்று அவள் கண்முன் தெரிந்தது.

"யாரு பின்னுனது இது?" என்று கேட்டார் ஜெகபர்.

கருணை காரணமாக எல்லோரும் அட்டைப்பெட்டியைப் பார்த்தார்கள். ஹம்னாவுடையது என்று இன்னொரு தடவை சொல்ல வழி இருந்தது. ஹம்னாகூட அதற்குத் தயாராக இருப்பதுபோல வாயைத் திறந்தாள்.

"நாந்தான்" என்றாள் ரூமானா. "ஒரு பக்கம் கண்ணி விட்டுப்போச்சு. சிவப்பு போட்டு முடிஞ்சிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. குல்லாவை உள்ளும் புறமும் திருப்பினார். விரலால் அமுக்கிக் கனம் பார்த்தார். பிறகு வழுக்கைத் தலையில் வைத்து, இரண்டு மடல்களையும் காதுக்குக் கீழே இழுத்துவிட்டார். அளவாக இருந்தது. ரூமானாவின் வாழ்க்கையில் அளவாக வந்த முதல் குல்லா அது. அவள் யாரையும் அளந்து அதைப் பின்னவில்லை.

"கம்பெனில குடுக்கிறது இதுல பாதி கனம் வராது" என்றார். "காது மரத்துப்போயிரும். ஐஸ் ரூமுக்குள்ள போயிட்டு வெளிய வந்தா அர நாளைக்கு யாரு பேசுனாலும் எட்டக் கேக்கும்."

"ஐஸ் ரூமா?" என்றாள் ஹவ்வா உம்மாள். "சூப்பர் மார்க்கெட்டுன்னுல்ல சொன்னே?"

"சூப்பர் மார்க்கெட்டுதான் உம்மா. பின்னாடி மீனு, கறி வைக்கிற ரூமு. அங்கதான் நானு. மொதல்லேருந்தே அங்கதான்."

உள்ளதான வேலை. ரூமானா அந்த வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். உள்ளே என்றால் எதற்கு உள்ளே என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஊரில் இருக்கும் மிக்சிக்கும் சிலிண்டருக்கும் குளிருமே என்று பின்னிக்கொண்டிருந்தாள். நிஜமாகக் குளிரில் நின்ற ஒரே ஆளின் பீரோத் தட்டில்தான் அத்தனை நூலும் இருந்தது. இப்போது அவர் கோட்டைப்பட்டினத்துக்கே வந்துவிட்டார். இனி அவருக்கும் குல்லா தேவையில்லை.

நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. அவர் குல்லாவைக் கழற்றாமலேயே பெட்டிக் கயிற்றை அவிழ்த்தார். சோப்பு, டாங்க் ஜூஸ் பவுடர், கோடாரித் தைலம், ஹம்னா எதிர்பார்த்த செண்டு, செவந்திக்குக்கூட ஒரு பாக்கெட் மிட்டாய். அவரவர் பங்கு வந்ததும் கூட்டம் கலைந்தது. குல்லாவை மறக்க எல்லோருக்கும் நல்ல காரணம் கிடைத்தது.

பெட்டியின் அடியில் கருநீலத்தில் ஒரு ஜாக்கெட் இருந்தது. பஞ்சு திணித்து மெத்தை மாதிரி. கையில் கம்பெனி பெயர் பாதி அழிந்திருந்தது. அவர் அதை அறைக்குக் கொண்டுபோய்ப் பீரோவின் இடது பக்கத்தில் வைத்தார். அவள் அவ்வளவு பாடுபட்டுக் காலி செய்திருந்த தட்டு முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. கதவு சாத்தவில்லை. இருவரும் சேர்ந்து அமுக்கினார்கள்.

"இந்த ஊருக்கு இந்தச் சட்டையா?" என்றாள் ரூமானா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "தூக்கிப்போட மனசு வரல" என்றார். அப்புறம்தான் சிரித்தார். குல்லாவின் மடல்கள் ஆடின. ரூமானாவும் சிரித்துவிட்டாள்.

அடுக்களையிலிருந்து ஹவ்வா உம்மாளின் குரல் வந்தது. "பெருநாளு பிரியாணிக்கு அந்தத் தேக்சாவ எறக்கிக் கழுவணும்டி! மறந்துட்டுக் கெடக்காத!"

ரூமானாவின் கை கதவிலேயே நின்றது. அவர் குளிக்கப்போனதும் தானே ஏறி, நூலையெல்லாம் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். நேரம் இருந்தது.

"ஒங்களத்தான்" என்றாள். "கொஞ்சம் வாங்க. சிலாப்புல ஒரு வேலை இருக்கு."

ஸ்டூலை அவள் பிடித்துக்கொண்டாள். குல்லா போட்ட தலையோடு அவர் மேலே ஏறி, தேக்சாவின் மூடியைத் தூக்கினார்.

"ரூமானா..."

"மெதுவா எறக்குங்க" என்றாள் அவள். "மேல ஒரு ஸ்வெட்டர் ஊசியிலயே கெடக்கு. இழுத்தீங்கன்னா கண்ணியெல்லாம் கழண்டுரும்."