சிவபாலனின் மூன்றாவது ஹவர்

முதல்வர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உமாராணி ஒன்பதரை மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருடமாக விலங்கியல் நடத்தும் உதவிப் பேராசிரியை. இன்று இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இருப்பது ஒரே இடம்.

பக்கத்தில் சிவபாலன். அவளுக்கு ஏழு வருடம் பிந்திச் சேர்ந்தவன். அவன் மடியிலிருந்த ஃபைலை ஓரக்கண்ணால் எடை போட்டாள். ஏரலில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பொட்டலத்தைப் பார்த்தே கிராம் சொல்லுவாள். அவனுடையது இரண்டு கிலோ தேறும். அவளுடையது கவரோடு சேர்த்து முந்நூறு கிராம்.

"எத்தன ஆராய்ச்சிப் பேப்பர் தம்பி?"

"இருவத்திரெண்டுக்கா. எட்டுப் பேரு பேரையும் சேத்துப் போடுதோம். ஆளுக்கொண்ணு எழுதுனா எல்லாருக்கும் எட்டாயிருதுல்லா."

"கூட்டு வியாபாரம்னு சொல்லு."

சிரித்தான். அவன் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. வகுப்பில் நின்றால்தானே கலையும்.

உள்ளே, தேர்வுக் குழுவின் வெளியூர்ப் பேராசிரியர் காகிதங்களைத் தள்ளினார். "பேப்பர் ரெண்டுதான். ரிசல்ட்டும் எண்பத்திநாலு சதவீதம். சிவபாலன் சாருக்கு மூணாம் வருஷ மரபியல்ல நூத்துக்கு நூறு."

அந்த மரபியலை நடத்தியது உமாராணி. கருத்தரங்குக்குக் கிளம்பும்போதெல்லாம், "மூணாவது ஹவரக் கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா" என்பான். பார்த்துக்கொண்டாள். கால அட்டவணையில் யார் பெயருக்கு ஹவரோ, பதிலுக்குப் போகிறவர் அவர் கையெழுத்தையே பதிவேட்டில் போட்டுவிடுவது துறையில் வழக்கம். யாருக்கும் விடுப்பு குறையாது. 'சிவபாலன்' என்பது அவனைவிட அவளுக்கு அழகாக வரும்.

"அந்த கிளாஸ நாந்தான் எடுத்தேன் சார்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க கையெழுத்து ஒண்ணுகூட இல்லையேம்மா."

அதற்கு மேல் சொன்னால் கள்ளக் கையெழுத்துக் கேஸ். வெளியே வந்துவிட்டாள்.

மாலையில் சிவபாலன் லட்டுப் பெட்டியை நீட்டினான். "எடுத்துக்கோங்கக்கா. நாளைக்கி மதுரையில கான்ஃபரன்ஸு. மூணாவது ஹவரு..."

"இனிமே முடியாது தம்பி. அந்தக் கூட்டுல என்னையும் ஒம்பதாவதா சேத்துக்கோ."

மறுநாள் மூன்றாவது மணி அடித்தபோது, பார்த்தே இராத ஒரு மீனைப் பற்றிய கட்டுரையைக் கணினியில் திறந்து வைத்திருந்தாள். வாசலில் ஜெப்ஸி வந்து நின்றாள், வகுப்புத் தலைவி.

"மேம், மரபியல்ல லிங்கேஜ் பாடம் பாதியில நிக்கி. பரீட்சைக்கி பன்னெண்டு நாள்தான் இருக்கு."

"ஹவர் சிவபாலன் சாருக்கும்மா."

ஜெப்ஸி போனாள். சன்னல் வழியாக எதிர் வகுப்பின் கரும்பலகை தெரிந்தது. ஜெப்ஸியே சாக்பீஸை எடுத்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படம் போட்டாள். விகிதத்தைத் தலைகீழாக எழுதினாள். அறுபது தலைகள் குனிந்து அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தன.