வெள்ளை லைட்

பாலம்மாவின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த துண்டு மிளகளவுதான். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஆராய்ச்சிக்கென்று மனமுவந்து கொடுத்திருந்தார். அந்த உயிர்க்கலங்களின் டீ.என்.ஏ. கதிர்வீச்சில் எவ்வளவு உடைகிறது என்று பார்க்க வேண்டும். உடைந்தது நுணுக்குக்காட்டியில் வால்வெள்ளிபோல நீளும். உடையாதது உருண்டையாக நிற்கும். சாதாரண வெளிச்சமும் அதை உடைத்துவிடக் கூடும் என்பதால், ஆய்வுகூடத்தில் மங்கிய மஞ்சள் விளக்கில்தான் வேலை.

கடுகண்ணாவையிலிருந்து வரும் உதவியாளர் றமீலாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா என்று பேராசிரியருக்கு எழுத வேண்டியவன் ஆராய்ச்சி மாணவன் பிரணவன்.

"இது எழுத்தோ, எறும்பு ஊர்ந்ததோ?" றமீலா எழுதிய லேபலைப் பார்க்க அவன் சுவிட்சைத் தட்டினான்.

"சேர், வெள்ள லைட் வேணாம். கலம் வெச்ச தட்டு இன்னும் மூடல்ல."

"எனக்குப் படிப்பிக்க வாறீங்களோ? ஏ.எல். சோதினை எத்தினை தரம் எடுத்தனீங்கள்?"

பத்து நிமிடம் ஏசினான். அவ்வளவு நேரமும் விளக்கு எரிந்தது.

மாலையில் பார்த்தால், கதிர் படாத கலங்களுக்கும் நீண்ட வால். பிரணவன் நேரே பேராசிரியரிடம் போனான்.

"தொழுகைக்கு ஓடுற அவசரத்தில பழுதாக்கிப் போட்டா மெடம். இவவை வச்சு வேலை செய்யேலாது."

பேராசிரியர் றமீலாவை அழைத்துக் கேட்டார்.

"வெள்ள லைட் பட்டிருக்கு மெடம். ஆனா இன்னொரு சோடித் தட்டு ஃபாயில் சுத்தி ஃப்ரிட்ஜில இருக்கு. அந்தம்மா ரெண்டு பஸ் மாறி வந்து தந்தது. வீணாகக் கூடாதெண்டு வெச்சன்."

"லைட்டைப் போட்டது யார்?"

மறுப்பதற்கு பிரணவன் வாயைத் தயாராக வைத்திருந்தான்.

"அது போகட்டும் மெடம்," என்றாள் றமீலா. "மத்தத நாளைக்குப் பார்ப்பம்."

அவனுக்கு மறுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மறுநாள் கதிர் படாத கலங்கள் உருண்டையாக நின்றன. கதிர் பட்டவை வால் நீட்டின. அந்தக் கட்டி கதிர்ச் சிகிச்சைக்கு மசியும் இனம். பிரணவன் வெகுநேரம் நுணுக்குக்காட்டியைவிட்டு எழவில்லை. பிறகு பேராசிரியரின் அறைக்குப் போனான்.

"லைட்டைப் போட்டது நான்தான் மெடம். அவ சொல்லச் சொல்லப் போட்டனான்."

அன்றே ஒப்பந்தம் கையொப்பமானது. அவன் திரும்பி வந்து சுவிட்சின் மேல் கையால் எழுதிய ஒரு தாளை ஒட்டினான். 'போடக்கூடாது'.

றமீலா கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இது எழுத்தா சேர், எறும்பு ஊர்ந்ததா?"