குறுக்குக் கம்பி

சோலையப்பன் சைக்கிளைக் கொடுப்பதாக இல்லை. அவன் பெண்டாட்டி அமராவதி தன் தம்பி நாகராசுவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அவன் கீரனூரிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறி விழுந்து சோலையப்பன் படுத்துக் கிடந்தபோது, வயலை உழுது நட்டவன் நாகராசு. இப்போது கீரனூரில் பியூன் வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்கு வண்டி வேண்டும். சோலையப்பனுக்கோ வலது இடுப்பு சரியாகக் கூடவில்லை. காலை மடக்கலாம், நீட்டலாம். அகட்டித் தூக்க முடியாது. சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தாண்டிப் போடக் காலைத் தூக்கினால் பாதியிலேயே நின்றுவிடும். போன வாரம் சுவரில் சாய்த்து வைத்து ஏறிப் பார்த்தான். வண்டியோடு விழுந்தான். அமராவதி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"வண்டியத் தூக்கு மொதல்ல" என்றான்.

சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு போயிருந்தால் அவனுக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது. ஆட்டுக்குழைக்காகப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சோலையப்பனுக்கு அதில் எதுவும் ஞாபகமில்லை. அந்த மாதம் அவன் வாடகை சைக்கிளை எடுத்துக் கண்மாய்க் கரையில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். பின்னால் பிடித்துக்கொண்டு வந்தவன் எப்போதோ கையை விட்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. எழுந்து மறுபடி ஏறினான். பிறகு கறம்பக்குடி போகும் கரிவாயு பஸ்ஸை ஒரு மேட்டில் முந்தினான். டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மில்லில் ராத்திரி ஷிப்டுக்குப் போனதே சொந்தமாகச் சைக்கிள் வாங்கத்தான். வாங்கியதும் வேலையை விட்டான். ராத்திரி முழுக்கப் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு, விடிந்ததும் வாடகை சைக்கிளைக் காற்றில் ஓட்டி வரும் அந்த நேரம் மட்டும்தான் உயிரோடு இருப்பது போல இருந்தது. அப்புறம் எதற்கு மில். ஊரில் அவனைக் கிறுக்கன் என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று ஓட்டினான்.

"ஏறி உக்கார முடியாதவருக்கு எதுக்குங்க வண்டி?" என்றாள் அமராவதி. "தம்பி நம்ம வயலப் பாத்துச்சுல்ல?"

"வயல்ல வெளஞ்சத அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு. வண்டியக் கேக்கச் சொல்லாத."

"அப்ப நம்ம கஞ்சிக்கு?"

"இருக்கிறதக் குடிப்போம்."

அன்றே, கடலை மூட்டை ஏற்றிப் போன மாட்டுவண்டியில் சைக்கிளைப் படுக்கப் போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனான். செபமாலையின் வெல்டிங் பட்டறையில் இறக்கி, குறுக்குக் கம்பியைத் தொட்டுக் காட்டினான்.

"இத அறுத்துரு. சரிவாக் கீழ எறக்கி ஒட்டவை. நான் குனிஞ்சு காலை உள்ள விட்டு ஏறணும்."

செபமாலை நெற்றியைச் சொறிந்தான். "அண்ணே, இதுல கை வச்சா லேடீஸ் வண்டியாயிரும்ணே. ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"நான் விக்கிறேன்னு சொன்னேனா?"

"ஒட்டு விட்டுச்சுன்னா என்னயக் கேக்கக்கூடாது."

"ஒன்னய எதுக்குக் கேக்கப் போறேன். அறு."

செபமாலை அறுத்தான். சோலையப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றான். நெருப்பு பட்ட இடத்தில் பெயின்ட் கருகிப் பொரிந்தது. அழகாக இருந்த வண்டி இப்போது அசிங்கமாக இருந்தது. ஏறினான். கால் உள்ளே போனது. ஊர்வரைக்கும் ஓட்டியே வந்தான். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்த நாகராசு வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அது விளையாட்டில்லை என்று புரிந்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"என்ன மச்சான் இது? இத எடுத்துக்கிட்டு நான் எப்புடி ஆபீஸ் போவேன்?"

"போகாத. அது ஒனக்கில்ல."

"அக்கா சொல்லுச்சு."

"ஒங்கக்கா சொன்னதுக்கு நெல்லு இருக்கு. பூராத்தையும் எடுத்துக்க."

அமராவதி உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அறுத்த வண்டியைப் பார்த்ததிலிருந்தே அவள் பேசவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பேசமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

நாகராசு துண்டை உதறித் தோளில் போட்டான். "நெல்ல அப்புறம் பாத்துக்கலாம். பஸ்ஸு போயிரும், வாரேன்."

"கேரியர்ல ஏறு. மெயின் ரோட்டுல விடுறேன்."

"இதுலயா?"

"நடந்து போனா பஸ்ஸ விட்டுருவ."

நாகராசு ஏறினான். டீக்கடை நெருங்கியதும் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். பெஞ்சில் இருந்த கருப்பன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"என்ன சோலையண்ணே, சேலையக் காணோம்?"

கடையே சிரித்தது. சோலையப்பன் மிதியை நிறுத்தவில்லை.

"தொவச்சுக் காயப்போட்டிருக்கேன்டா" என்றான். "கொடியில கெடக்கு. வேணும்னா எடுத்துக் கட்டிக்க."

பின்னால் நாகராசு துண்டுக்குள் சிரிப்பது கேரியரின் ஆட்டத்தில் தெரிந்தது. மேடு வந்தது. இறங்கட்டுமா என்று நாகராசு கேட்டான். உக்காருடா என்று சொல்லிவிட்டு, சோலையப்பன் எழுந்து நின்று மிதித்தான்.