பல்கேரியாவுக்குப் போகாத அட்டை

1984 ஆகஸ்ட் 9, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். நான் செய்தது சரியா என்று கேட்டால் இப்போது பதில் வராது. நேரங்களையாவது சரியாக எழுதி வைக்கலாம்.

என் அண்ணன் செங்கோடன் தபாலில் செஸ் ஆடுகிறவர். ஆட்டையாம்பட்டியில் எங்களுக்கு நான்கு விசைத்தறிகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு மெட்ராஸ், பம்பாய் என்று போட்டிகளுக்குப் போக அவரால் முடியவில்லை. சேலம் ஜில்லாவில் இரண்டு வருடம் முதலாவதாக வந்தவர், 1975-க்குப் பிறகு எதிராளியின் முகத்தையே பார்த்ததில்லை. ஒரு அட்டையில் ஒரு நகர்வு. அது போய்ப் பதில் வர ஒன்றரை மாதம். ஓர் ஆட்டம் முடிய வருடக் கணக்காகும். அப்படி ஆடியே மாஸ்டர் பட்டம் வாங்கினார். இப்போது நடப்பது கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான இறுதிச் சுற்று. பதினான்கு ஆட்டங்களில் பதின்மூன்று முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது பல்கேரியாவில் ஒரு பல் டாக்டருடன். ஜெயிக்க வேண்டியதில்லை. தோற்காமல் சமன் செய்தால் அரைப் புள்ளி, அதோடு பட்டம்.

அட்டை எழுதுவது என் வேலை. அண்ணன் எழுத்து அவருக்கே புரியாது என்பதால் ஆறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். கீழே அவர் கையெழுத்தைப் போடுவதும் நான்தான். ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். அட்டை வந்த தேதி, நகர்வு, பதிலைப் பெட்டியில் போட்ட நேரம் என்று மூன்று கட்டங்கள். அதில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது அவர் சட்டம்.

தறிக்கூடத்தில் பேச்சு கேட்காது. நகர்வு முடிவானதும் தறிக்கு அப்புறமிருந்து விரல்களைக் காட்டுவார். நான்கு எண்கள். முதல் இரண்டு காய் இருக்கும் இடம், அடுத்த இரண்டு போகும் இடம். இன்று மூன்று மணிக்கு நான்கு, நான்கு, நான்கு, ஏழு என்று காட்டினார். நான் திருப்பிக் காட்டினேன். தலையாட்டினார்.

எழுதி முடித்து, வழக்கம்போல வீட்டுப் பலகையில் நகர்த்திப் பார்த்தேன். அவன் யானைக்கு எதிரே நம் யானை. இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும். பிறகு பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும்தான். ஏதோ உறுத்தியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணன் பார்க்காத ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. 4.10-க்குப் பெட்டியில் போட்டுவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்தேன்.

ஐந்து மணிக்கு டைப்பிங் வகுப்பு. எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தபோது அது தெரிந்தது. ஓரத்துச் சிப்பாயைப் பிடிக்க அவன் ராஜாவுக்கு நான்கு அடி. நம் ராஜாவுக்கு ஐந்து. கை நின்றுவிட்டது. டைப் அடித்த தாளிலேயே பேனாவால் கட்டம் போட்டு எண்ணினேன். நான்கு, ஐந்து. மூன்றாம் முறையும் அதே. தோல்வி.

1980-ஐ எழுதாமல் மேலே போக முடியாது. அப்போதும் இதே போல ஓர் இறுதிச் சுற்று, இதே அரைப் புள்ளி. அட்டையைப் போட்டுவிட்டு வந்த பத்தாவது நிமிடம் அண்ணனே தன் தப்பைக் கண்டுபிடித்தார். பெட்டி இன்னும் திறக்கவில்லை, கேட்டு வாங்கி வரட்டுமா என்றேன்.

"பெட்டியில உழுந்தா காய் நகர்ந்தாச்சு அம்மிணி. எதுக்க ஒருத்தன் உக்காந்திருந்தா எடுப்பியா?"

தோற்றார். பதினைந்து நாள் யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் காட்டுக் கிணற்றின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவரை அப்பா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பிறகு அந்தக் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டோம். ஏன் என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

5.25-க்குத் தபாலாபீசில் நின்றேன். போஸ்ட்மாஸ்டர் மயில்சாமி தபால் பையின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கொண்டிருந்தார்.

"சேலம் பஸ் வர்ற நேரத்துல என்ன கமலம்? இத்தன வருசமா பல்கேரியாக்காரனுக்கு எழுதறீங்க, ஒரு கலியாணப் பத்திரிகைகூட வரக்காணமே!"

"அந்த அட்டை திரும்ப வேணுங்க. தப்பா எழுதிட்டேனுங்க."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "அனுப்புனவரு கேட்டாத்தான் தரலாம். உங்கண்ணன வரச் சொல்லு."

"அதுல இருக்கற கையெழுத்து என்னுதுதானுங்க."

ஒரு தாளைத் தள்ளினார். செங்கோடன் என்று எழுதினேன். எழுத்து அப்படியே வந்தது. பையில் கைவிட்டு அட்டையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல வேலதான் பண்றீங்க அண்ணனும் தங்கச்சியும்" என்று கொடுத்தார். தபால்தலை மேல் முத்திரை விழுந்திருந்தது. வட்டம், ஊர், தேதி. ஓர் எழுத்துகூட மங்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்ததும் தறிகளை நிறுத்தினார். அந்த நேரத்தில் நிறுத்துகிறவர் இல்லை. என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

"என்ன அம்மிணி? பெட்டியில போட்டியா இல்லியா?"

"போடலீங்கண்ணா."

கம்பிவலைதான் கண்ணில் நின்றது.

"ஏன்?"

"நம்ம ராஜா ஒரு அடி பிந்திப் போகுதுங்கண்ணா. அவனுக்கு நாலு, நமக்கு அஞ்சு."

கண்ணை மூடினார். விரல்கள் தொடையில் மெதுவாக நகர்ந்தன. முடிந்தபோது கண்ணைத் திறந்தார். கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். எழுத்துப் பக்கத்தைப் பார்த்தார், திருப்பினார். பெருவிரல் முத்திரையின் மேல் வந்து நின்றது. பிறகு அங்கேயே இருந்தது.

அவர் கேட்பார் என்று நின்றேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றும் நினைத்தேன். இதை எழுதும்போது அதுவும் நிச்சயமாக இல்லை.

"வேற அட்டை எடு" என்றார். "நாலு நாலு எட்டு நாலு."

பழைய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தறியை ஓட்டினார்.

நோட்டில் 4.10 அப்படியே இருக்கிறது. அடிக்கவில்லை. அதன் கீழே 4484 என்று எழுதி, நேரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 27, வியாழன்

பல் டாக்டரிடமிருந்து அட்டைக்குப் பதிலாக உறையில் கடிதம் வந்தது. சமன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அரைப் புள்ளி வந்துவிட்டது.

அண்ணன் இங்கிலீஷை மெல்ல, வாய்விட்டுப் படித்தார். யானையை எதிரே கொண்டுவருவீர்கள் என்று இத்தனை நாளும் காத்திருந்தேன், யாரும் அதைத்தான் ஆடுவார்கள், அதில் இருந்த பள்ளத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், உங்களைப் போன்ற ஒருவருடன் ஆடியது என் அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தது.

மடித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா. உனக்கு வந்த கடுதாசி."

கோபமாகச் சொல்லவில்லை. பாராட்டாகச் சொன்னாரா என்றும் தெரியவில்லை. எப்படிச் சொன்னார் என்று எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன், சரியாக வரவில்லை.

1985 பிப்ரவரி 18, திங்கள்

பட்டம் வந்து பத்து நாளாகிறது. மயில்சாமி பதிவுத் தபாலைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். "கிராண்ட்மாஸ்டருங்களா, இல்ல கிராண்ட்மாஸ்டரோட கையெழுத்துங்களா?" என்று கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் வாசலில்தான் இருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டினார். அண்ணன் அந்த அறையில் இப்போது சாப்பிடுவதில்லை. பலகை பரண்மேல் போய்விட்டது. எந்த ஆட்டமும் நடக்கவில்லை. பத்து வருடத்தில் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவது இதுதான் முதல் தடவை. அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார், கூப்பிட்டால் பதில் சொல்கிறார். விடிகாலையில் கதவுச் சத்தம் கேட்டால் நான் எழுந்துவிடுகிறேன். இரண்டு தடவை பின்னாலேயே போனேன். கிணற்றுப் பக்கம் போகவில்லை, தறிக்கூடத்துக்குத்தான் போனார்.

உலகப் போட்டிக்கு அழைப்பும் விண்ணப்பமும் சனிக்கிழமை வந்தன. பெயர், ஊர், பட்டம் எல்லாம் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. அதை நான் போடக் கூடாது.

இன்று மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கூடத்து வாசலில் நின்று, உயரத் தூக்கிக் காட்டினேன். பார்த்தார். ஒரு விரல் காட்டினால் போதும், சரி என்று எடுத்துக்கொள்வேன் என்று நின்றேன். அவர் இரண்டு கைகளும் தறியிலேயே இருந்தன.

மார்ச் முதல் தேதிக்குள் போட்டி நடத்துகிறவர்களிடம் போய்ச் சேர வேண்டுமாம். இன்னும் பதினொரு நாள்தான். இன்றைக்குப் போட்டிருந்தால்தான் போய்ச் சேர்ந்திருக்கும். நாளைக்கும் கேட்பேன்.