அங்கியின் பின்பக்கம்

இஸ்பஹானிலிருந்து அங்கி வந்துவிட்டது என்று காவலன் சொன்னதும் என் கணவர் பைராம்குலி கான் சாப்பாட்டை நிறுத்தினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தட்டில் ஆட்டுத்தொடை பாதி இருக்கும்போது அவர் எதற்காகவும் நிறுத்தியதில்லை.

தலைநகரிலிருந்து மன்னர் ஷா அங்கி அனுப்பினால் அவருடைய ஆளுநர் பதவி நீடிக்கும். ஊருக்கு வெளியே போய், எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். போடாதவர் கலகக்காரர். கலகக்காரரின் தலை மட்டும் தனியாக இஸ்பஹானுக்குப் போகும்.

கோட்டைவாசலுக்கு வெளியே மாதுளைத் தோட்டத்தில் கூடாரம் அடித்தார்கள். அங்கியைக் கொண்டுவந்த தூதர் உகுர்லு பேக் வெளியே சர்பத் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கான், தையற்காரர் ஷாபான், முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நான்.

ஜரிகை அங்கிக்குள் கானின் கைகள் நுழைந்தன. முன்பக்கத்தின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"வயித்தை உள்ள இழுங்க," என்றேன்.

"அது என் பேச்சை என்னிக்குடி கேட்டிருக்கு?"

"எஜமான், பக்கத்துத் தையலைக் கொஞ்சம் பிரிச்சு விட்டா..." என்றார் ஷாபான்.

"ஷா குடுத்த துணியில கத்திரி வைப்பியா? உன் தலையும் என் தலையும் ஒரே பையில போகும்."

"போடாம இருந்தா மட்டும்? ஷாவோட அளவை மீறி வளந்துட்டார்னு சொல்லுவாங்க," என்றேன்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "கான், அங்கி பிடிக்கலையோ?"

குரலில் அக்கறை இருந்தது. நான் கூடாரத் திரையை இழுத்து மூடினேன்.

அங்கியைக் கொண்டுவருபவர் ஷாவுக்குச் சமம். ஷாவுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

"என்னங்க, அவர் உங்க முதுகைப் பாக்கவே முடியாதே."

ஷாபான் கண்ணை மூடிக்கொண்டார். கத்திரியை நானே எடுத்தேன். முதுகுப்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு பக்கமும் நாடா வைத்துக் கட்டினேன். முன்பக்கப் பொத்தான்கள் சமர்த்தாகப் பொருந்தின.

முரசு முழங்கியது. உகுர்லு பேக் சுற்றிவந்து பார்க்க முயன்றார். கானும் அவரோடு சுற்றினார்.

"சரி, நீங்க முன்னால நடங்க கான். ஊர் பாக்கட்டும்."

"ஷாவோட தூதருக்கு முதுகைக் காட்டுறதா? உயிர் போனாலும் மாட்டேன்!"

அதில் பொய் எதுவும் இல்லை.

பின்னோக்கி நடந்தே ஊருக்குள் போனார். ஒட்டகக் கூடையின் திரை வழியாக நான் பார்த்தேன். வெட்டிய ஜரிகை, நாடா முடிச்சுகள், நடுவே உள்சட்டை. ஊரே பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. புது மரியாதை போலிருக்கிறது என்று நீதிபதி தானும் திரும்பிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். பிறகு கடைத்தெருத் தலைவர். ஒரு முலாம்பழ வியாபாரி தன் பழங்கள்மேலேயே விழுந்தார்.

உகுர்லு பேக்கின் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு விசுவாசத்தை எங்கயும் பாத்ததில்ல. ஷாகிட்ட சொல்லாம இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டார். நவ்ரூஸ் புத்தாண்டு தர்பாருக்கு வரும்படி ஷாவின் அழைப்பு வந்தது. அதே அங்கியில் வர வேண்டுமாம்.

"தர்பார்ல எனக்குப் பின்னாலயும் ஆள் நிப்பாங்களேடி!"

"கடைசி வரிசையில சுவரை ஒட்டி நில்லுங்க. பணிவுன்னு நினைப்பாங்க."

அவர் குழந்தைகளை முத்தமிட்டார். ஒரு முழு ஆட்டைத் தின்றார். புறப்பட்டார்.

ரோஜா பூத்தபோது திரும்பி வந்தார். முதலில் கழுத்தைத்தான் பார்த்தேன். தலை இருந்தது.

"யாரும் பாக்கலையா?"

"நான்தான் பாத்தேன். எனக்கு முன்னால எல்லா மாகாணத்து ஆளுநருங்களும் தளபதிங்களும் வரிசையா நின்னாங்க."

"அதனால என்ன?"

"எல்லார் முதுகுலயும் நாடா. பெரிய அமைச்சருக்கு மட்டும் பட்டு நாடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"ஷா?"

கான் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் கடைசிவரைக்கும் முதுகைத் திண்டுல சாச்சேதான் உக்காந்திருந்தார்."