பதினெட்டு முழக் கார்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்து ஜன்னலில் கிடைத்தது. அரூர் கச்சேரிமேட்டில் எங்கள் பேருந்து நின்றிருந்தபோது பக்கத்தில் ஒரு பழைய அமெரிக்கக் கார் வந்தது. வெளிர்நீலம். முதலில் விளக்குகள் வந்தன. பிறகு பானட் வந்தது. பானட் வந்துகொண்டே இருந்தது. ஓட்டுபவர் என் ஜன்னலுக்கு நேராக வந்து சேர்வதற்குள் நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்து மூடிவிட்டேன். அவர் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “இது ஒரு காரா, ரெண்டு காரா?” என்றார். பேருந்து முழுக்கச் சிரித்தது.

கார் யாருடையது என்று இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் எழுத வேண்டியதாகிவிட்டது.

முதல் தொடக்கம்: “அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரில், பனி கொட்டிய ஒரு காலையில் அந்தத் தொழிற்சாலையின் கதவு—”

நான் பனி கொட்டிப் பார்த்ததில்லை. நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது: “தீர்த்தகிரியின் வீட்டு முன்னால் முப்பத்தொரு வருடங்களாக நின்றிருந்த அந்தக் கார், ஒரு காலத்தில்—”

‘ஒரு காலத்தில்’ என்று எழுதியதுமே பேனா பெருமூச்சு விடத் தயாரானது. இது பெருமூச்சுக் கதை இல்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: “அமுதவல்லிக்கு ஒரு பெரிய பானட் தேவைப்பட்டது.”

இது இருக்கட்டும்.

2

அமுதவல்லிக்கு ஒரு பெரிய பானட் தேவைப்பட்டது. கம்பைநல்லூர் கடைத்தெருவில் அவளுக்குப் பூக்கடை. (வயது முப்பத்தெட்டு. வயதைச் சொல்லாமல் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் பாட்டுக்கு அமுதவல்லிக்குத் தலை நரைக்க வைத்துவிட்டாள்.) தினமும் சரம் விற்பாள். முகூர்த்த நாள்களில் மாப்பிள்ளை கார் அலங்காரம் செய்வாள்.

அவள் மனத்தில் ஒரு மயில் இருந்தது. தோகை விரித்த மயில். உடம்புக்கு மரிக்கொழுந்து, தோகைக்கு மல்லியும் சாமந்தியும், கண்களுக்குக் கோழிக்கொண்டை. அது ஆறடி அகலம் கேட்டது. இப்போதைய கார்களுக்கு மூக்கே இல்லை. ஒரு கல்யாணத்தில் தோகையை மடக்கி, கழுத்தைக் குறுக்கி, எப்படியோ வைத்துப் பார்த்தாள். பெண்ணின் சித்தி வந்து நின்று ரசித்துவிட்டு, “கோழி நல்லா இருக்குது” என்று சொல்லிப் போனாள்.

அதிலிருந்து அமுதவல்லி கார்களை எல்லாம் முன்பக்கமாக மட்டும்தான் பார்த்தாள். அரூரில் ஒரு பெரிய அமெரிக்கக் கார் விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும், கணவன் நவநீதனைக் கூட்டிக்கொண்டு போனாள். நவநீதன் ஓசூரிலிருந்து பூ ஏற்றி வரும் வேன் ஓட்டுபவன்.

“சும்மா பாத்துட்டு வந்துரலாம்” என்றான் வழியெல்லாம்.

“சும்மாதான்” என்றாள் அவளும். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

3

தீர்த்தகிரி முன்பு புளி மண்டி வைத்திருந்தவர். காரை விற்க வேண்டும் என்று அவருக்கு இரண்டு வருடமாக ஆசை. விற்காமல் இருக்க வேண்டும் என்றும் ஆசை. வந்தவர்களில் ஒருவர் காரைப் பாதியாக அறுத்து ஓட்டல் வாசலில் வைக்கப் போவதாகச் சொன்னார். அவரை வெளியே அனுப்பினார். இன்னொருவர் காரைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு, தெருவுக்குப் போய்ப் போனில் பாகம் பாகமாக விலை பேசிக்கொண்டிருந்தார்.

“மொதல் ஆளாவது உண்மையச் சொன்னான்” என்றார் தீர்த்தகிரி. “ரெண்டாவது ஆளு பொய் சொன்னான். கொண்டாடா சாவியன்னு வாங்கிட்டேன். பொய் சொல்றவன் கையில இத குடுக்கவே மாட்டேன்மா.”

அமுதவல்லி தலையாட்டினாள். அவள் கண் பானட்டிலேயே இருந்தது. முன்புறம் பதித்திருந்த பெயரில் மூன்று எழுத்துகள் உதிர்ந்து போயிருந்தன. (கம்பெனிப் பெயரை நான் எழுதாததற்கு அதுதான் காரணம்.)

“வர்ற வெள்ளிக்கெழம நாங்க ஒங்க வூடு பாக்க வர்றோம்” என்றார் தீர்த்தகிரி. “கார் நிக்கப் போற எடத்தப் பாக்கணும்.”

“பொண்ணக் குடுக்கப் போறீங்களாக்கும்!” என்றாள் அவர் மனைவி ராஜாமணி.

“பொண்ணக் குடுத்தப்பகூட நான் இவ்ளோ யோசிக்கல.”

“அது மாப்பிள்ள மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

(ராஜாமணி என் திட்டத்தில் இல்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகத்தான் கூப்பிட்டேன். டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். கதை முடியும்வரை போகப்போவதில்லை போலிருக்கிறது.)

கார் நிற்க அமுதவல்லி வீட்டில் இடம் கிடையாது. வீட்டை ஒட்டிப் புளி காயவைக்கும் களம்தான் உண்டு; அங்கே ஒரு கொட்டகை போட வேண்டும். அதற்குக் காரின் நீளம் வேண்டும். டேப் கேட்டால் வாங்க முடிவு செய்துவிட்டதாகத் தெரிந்துவிடும், விலை இறங்காது. அதனால் அவள் காரைத் தடவிப் பார்ப்பதுபோல் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம்வரையும், பிறகு பானட்டின் குறுக்காகவும் நடந்தாள். கையைப் பதித்து, எடுத்து, பதித்து, எடுத்து. ராஜாமணிக்கு அவள் காருக்குத் திருஷ்டி கழிப்பதாகத் தோன்றியது.

நீளம் பதினெட்டு முழம். அகலம் ஆறரை.*

* முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. ஒன்றரை அடி. அது பொது முழம். பூக்கடை முழம் வேறு. விரல் நுனியில் தொடங்கும் சரம் முழங்கைவரை போவதில்லை. வளையலைத் தாண்டியதும் திரும்பிவிடும். அமுதவல்லியின் முழம் ஏறக்குறைய ஓர் அடி. பதினைந்து வருடப் பழக்கத்தில் அவள் கைக்கு வேறு முழம் மறந்துவிட்டது. கல்லூரி ஆய்வகமாக இருந்தால் இதைக் கருவிப் பிழை என்று குறித்துக்கொண்டு விடையைத் திருத்திவிடுவோம். பூ வாங்குகிறவர்கள் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

4

கொத்தனார் மாதையனுக்கு அவள் போன் செய்தாள். கடையில் ஆடி மாதக் கூட்டம். ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் சரம் அளந்துகொண்டே பேசினாள்.

“நீளம் எத்தனைங்க?”

“பதினெட்டு முழம்ண்ணா.”

“முழக் கணக்கா! சரி, அகலம்?”

“ஆறரை. கார் உள்ள போனா கச்சிதமா இருக்கணும்.”

“இருக்கும், இருக்கும்.”

மாதையன் நேர்மையான ஆள். பதினெட்டை ஒன்றரையால் பெருக்கினார். இருபத்தேழு அடி. நான்கு நாளில் கல்தூண் நட்டு, தகரம் வேய்ந்து முடித்தார். அந்த நான்கு நாளும் அமுதவல்லி விடியுமுன் கடைக்குப் போய் இருட்டியபின் திரும்பினாள். நவநீதன் ஓசூருக்கும் கம்பைநல்லூருக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் காலை இருவரும் வெளிச்சத்தில் அதைப் பார்த்தார்கள். கொட்டகை புளிக்களத்தை விழுங்கி, துவைக்கிற கல்லையும் விழுங்கி, காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நின்றது.

“ஏய், இது காருக்கா லாரிக்கா?” என்றான் நவநீதன்.

மாதையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “பதினெட்டு முழம்னு நீங்கதான சொன்னீங்க. வேணும்னா அளந்துக்கோங்க.”

அமுதவல்லி தூணிலிருந்து கையை வைத்து அளக்கத் தொடங்கினாள். பத்தாவது முழத்திலும் கொட்டகையின் பாதிகூட வரவில்லை. கை அப்படியே நின்றது. தன் வளையலைப் பார்த்தாள்.

“அளவு சரிதாண்ணா” என்றாள்.

[இந்த இடத்தில் அவள் மனசாட்சி குறுகுறுப்பதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். “பதினைந்து ஆண்டுகளாக அவள் விற்ற ஒவ்வொரு சரமும்—” என்று போகும். நன்றாகவே இருந்தது. ஆனால் உண்மையில் அவள் செய்தது, சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. பிறகுதான் பயம் வந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.]

பயம் இதுதான். தீர்த்தகிரி வெள்ளிக்கிழமை வந்து, ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டால்?

5

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கார் கம்பைநல்லூருக்குள் வந்தது. வீடு பார்க்க ஒற்றைப்படையில்தான் வர வேண்டும் என்று தீர்த்தகிரி ஐந்து பேராக வந்திருந்தார்: அவர், ராஜாமணி, இரண்டு பங்காளிகள், எண்ணிக்கைக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய். நடுவில் கார் சாவி.

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுச் செல்லம்மாள் காலையிலேயே வந்து கேசரி கிண்டி, இப்போது அதில் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

கார் கொட்டகைக்குள் போனது. பின்முனையும் உள்ளே போய்விட்டது. இன்னும் முன்னால் இடம் கிடந்தது. பதினேழே முக்கால் அடிக் கார், இருபத்தேழு அடிக் கொட்டகை.

தீர்த்தகிரி இறங்கிச் சுற்றி நடந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “எம் பொண்ணுக்குக்கூட இவ்ளோ பெரிய எடம் அமையல” என்றார். ராஜாமணி ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தில் தன் மாப்பிள்ளை வீட்டார் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள்.

பிறகு அவர் காலடியால் மீதி இடத்தை அளந்தார்.

“ஏம்மா, கார அளந்துதான கட்டுனது?”

“ஆமாங்கய்யா.”

“அப்ப இந்த ஒம்பது அடி எதுக்கு?”

நவநீதன் அவளைப் பார்த்தான்.

6

இங்கே நான் மூன்று நாள் நின்றேன். மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ) “சுத்தி நின்னு பூ அலங்காரம் பண்ண எடம் வேணுமில்லைங்களா?” என்கிறாள். அருமையான பதில். தீர்த்தகிரி அதே நிமிடம் தாம்பாளத்தைக் கொடுத்துவிடுவார். நான் அவள் இடத்தில் இருந்தால் இதைத்தான் சொல்வேன், அதுவும் தரையைப் பார்த்து. ஆனால் அதன்பிறகு அந்தக் காருக்கு முன்னால் ஒன்பது அடி நீளத்துக்கு ஒரு பொய் எப்போதும் நிற்கும். மயிலை அதன்மேலா வைப்பாள்?

ஆ) மாதையன் கூட்டத்திலிருந்து வந்து, “பதினெட்டு முழம்னு சொன்னாங்க” என்று போட்டு உடைக்கிறார். சிரிப்பு வரும். ஆனால் அவள் மாட்டிக்கொண்டவளாகிவிடுவாள். அவளுக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்காமல் மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

இ) திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும்—

தர்மபுரி மாவட்டத்தில் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

நான் இப்படி மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுதவல்லி வாயைத் திறந்துவிட்டாள்.

7

“அது என் கையிங்கய்யா” என்றாள்.

“என்ன?”

“ஒங்க கார என் கட முழத்துல அளந்துட்டேன். மேஸ்திரி நெச முழத்துல கட்டிட்டாரு. என் முழம்... ஒரு அடிதாங்கய்யா.”

கேசரித் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“அமுதா” என்றாள் செல்லம்மாள். “ஒரு அடியா?”

“ஆமாங்க்கா.”

“பதினஞ்சு வருசமா?”

“ஆமாங்க்கா.”

“எம் பொண்ணு கல்யாணத்துக்கு நூறு மொழம் வாங்குனனேடீ!”

“அதுக்கு ரெண்டு மொழம் சேத்துதாங்க்கா போட்டேன்.”

“எந்த மொழத்துல?”

மாதையன்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ராஜாமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். அமுதவல்லிக்கும் அழுகை வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்து, “நாளையிலேர்ந்து முழங்கை வரைக்கும் அளக்கறேன், எல்லாருக்கும்” என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தீர்த்தகிரி சிரிக்கவில்லை. தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்தார். அவள் சிரிப்பு நின்றது. நவநீதன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கார் பாக்க வந்தவங்க எல்லாம்” என்றார் அவர் மெதுவாக, “மொதல்ல லிட்டருக்கு எத்தன குடுக்கும்னுதான் கேட்டாங்க. நானும் எட்டுன்னு சொல்லுவேன். நீ அதக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா ஒனக்கும் எட்டுன்னுதான் சொல்லியிருப்பேன்.” தொண்டையைச் செருமினார். “எட்டு இல்லம்மா. நாலு.”

“ஏங்க” என்றாள் ராஜாமணி. “அந்தப் புள்ள இவ்ளோ சொல்லிருச்சு. நீங்களும் முழுசாச் சொல்லுங்க.”

“மூணு” என்றார் தீர்த்தகிரி. “எறக்கத்துல நாலு வரும்.”

சாவியைத் திரும்பவும் தாம்பாளத்தில் வைத்தார். தாம்பாளத்தை அவள் பக்கம் நீட்டினார். “இப்பச் சொல்லு. வேணுமா?”

8

வீடு பார்க்க வந்தவர் வரம் கேட்பவர்போல் நின்றார். அமுதவல்லி பானட்டைப் பார்த்தாள். அதில் வெயில் விழுந்திருந்தது. ஆறடிக்குக் குறைவில்லாத வெயில். நவநீதன் விரல் மடக்கி ஏதோ எண்ணினான். மூன்று வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

இதற்குள் காரின் பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. செல்லம்மாள் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள். முன்சீட்டில் மாதையன், மடியில் கேசரிச் சட்டி.

“மாரியம்மன் கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு” என்றாள் செல்லம்மாள் ஜன்னல் வழியாக. “பதினஞ்சு வருசப் பூவுக்கு அதோட கணக்கு முடிஞ்சுது. வேணுமா வேணாமான்னு அப்புறமா பேசிக்கோங்க.”

கதையை நான் இங்கே நிறுத்துகிறேன். சாவி தாம்பாளத்தில்தான் இருக்கிறது. அவள் காரை வாங்கவில்லை என்று முடிக்க நினைப்பவர்கள் தாராளமாக முடிக்கலாம்; லிட்டருக்கு மூன்று என்பது சின்னக் காரணம் இல்லை. ஆனால் அதற்கு முதலில் கொட்டகைக்குள் போய், பின்கதவைத் திறந்து, செல்லம்மாளை இறங்கச் சொல்ல வேண்டும்.

நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். சற்று நகர்ந்து உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டாள்.